கீத ஆசிரியர் ஜேம்ஸ் மாண்ட்கமரி

மக்கள் வாழ்விற்கு இன்பம் தருவனவற்றுள் நட்பினும் சிறந்தது பிறிதில்லை. துன்பம் தருவனவற்றுள் நட்டாரைப் பிரிதலினும் கொடியதும் பிறிதில்லை. இழந்த பொருளை முயன்று மீண்டும் ஈட்டலாம்; தளர்ந்த உடலை மருந்தால் தேற்றலாம்; மரணம் கொண்டுபோன நண்பனை மீட்டுத் தருவார் எவருமிலர். அங்ஙனமாயின், எஞ்சி நிற்கும் நண்பன் செய்யத்தக்கது யாது? கோப்பெருஞ்சோழன் வடக்கிருந்தபோது பிசிராந்தையாரும் அவன்பாற் சென்று உடனுயிர் துறந்தார் என்பது நம் முன்னோர் போற்றிய வரலாறு. உடன் இறத்தல் ஒரு விடை. இறந்தாரை மீண்டும் காண்போம் என்னும் நம்பிக்கையோடு, அவர் விட்டுச்சென்ற பணியைச் சுமந்து வாழ்தல் மற்றொரு விடை. இவ்விரண்டாம் விடையைத் தம் வாழ்க்கையாலும், சிறிய கீதம் ஒன்றாலும் உலகிற்கு உரைத்தவர் ஜேம்ஸ் மாண்ட்கமரி என்னும் ஆங்கில மொழிப் புலவர். அவருடைய சரித்திரத்தைச் சுருக்கி ஈண்டு வரையப் புகுகின்றோம்.

மாண்ட்கமரி 1771-ம் ஆண்டு நவம்பர் மாதம் 4-ம் நாள் ஸ்காத்லாந்து தேசத்தில் இர்வின் என்னும் ஊரிற் பிறந்தார். அவருடைய தந்தையார் ஜான் மாண்ட்கமரி மொரேவியச் சகோதரர் சபையைச் சேர்ந்த குருவானவர். இச்சபையார் தொகையிற் சிறியர்; ஊக்கத்திலோ பெரியர். 1732-ம் ஆண்டிலேயே மேற்கிந்தியத் தீவுகளில் வாடிய அடிமைகளிடம் தம் ஊழியரை அனுப்பினர். அடுத்த ஆண்டில் கிரீன்லாந்தின் பனிநிலத்தையும் நாடிச் சென்றனர். 1760-ம் ஆண்டில் நம் தரங்கம்பாடிக்கும் வந்து, அதன் அருகே குடியமைத்துச் சில காலம் உழைத்தனர். பிறந்த மண்ணை விட்டுச் செல்லுதலும், சென்ற மண்ணிலேயே மடிதலும் அவர்களுக்குப் புதியன அல்ல. இத்தகைய சபையின் மடியில் வளர்ந்த பிள்ளைக்குப் பிரிவு என்பது இளமையிலேயே அறிமுகமாயிற்று என்பதில் வியப்பில்லை.

ஆறு வயதளவில் ஜேம்ஸ் தம் பெற்றோரைப் பிரிந்து, இங்கிலாந்தில் லீட்ஸ் நகரத்திற்கு அண்மையிலுள்ள புல்னெக் என்னும் மொரேவியப் பாடசாலையிற் சேர்க்கப்பட்டார். அவருடைய சகோதரர் இருவரும் அங்கேயே கல்வி பயின்றனர். 1783-ம் ஆண்டில் தாயும் தந்தையும் பார்பேடோஸ் தீவுக்கு மிஷனரிமாராகக் கப்பலேறினர். அதன்பின் அப்பிள்ளைகள் அவர்களைக் கண்டிலர். 1790-ம் ஆண்டில் தாயார் டொபேகோ தீவிலும், அடுத்த ஆண்டில் தந்தையார் பார்பேடோஸ் தீவிலும் இறந்தனர். இருபது வயதை அடையுமுன்னே தாய் தந்தை இருவரையும் இழந்த அவ்விளைஞர் அவர்களுடைய படுக்கையருகே நிற்கவும் பெற்றிலர். அத்தீவுகளைத் தம் வாழ்நாளில் ஒருமுறையேனும் பார்க்கவும் பெற்றிலர்.

புல்னெக் பாடசாலையில் உலகியற் கவிதைகளுக்கு இடமில்லை. ஆயினும் ஒருநாள் ஆசிரியர் ஒருவர் மாணவரை வெளியே வயற்புறத்திற்கு அழைத்துச் சென்று, வேலியோரத்தில் அமர்த்தி, ராபர்ட் பிளேர் என்னும் புலவர் கல்லறையைப் பொருளாகக் கொண்டு பாடிய நூலைப் படித்துக் காட்டினார். அன்றே ஜேம்சின் உள்ளத்தில் கவிபாடும் ஆசை வேரூன்றியது. ஆசை மிகுந்த அளவிற்குப் பாடத்தில் கருத்துக் குறைந்தது. குருத்துவ ஊழியத்திற்கு அவர் ஏற்றவராகார் என்று கண்ட சபையார், அவரை மிர்பீல்ட் என்னும் ஊரிலுள்ள ரொட்டிக்கடை ஒன்றில் வேலைக்கு அமர்த்தினர். மாவு பிசையும் கைகளால் கவி எழுதிக்கொண்டிருந்த அவர், 1789-ம் ஆண்டில், மூன்றரை ஷில்லிங் பணத்தோடு ஒருவருக்கும் சொல்லாமல் அவ்விடம் விட்டுப் புறப்பட்டார். வாத் என்னும் ஊரில் ஒரு கடையிற் சிறிது காலம் வேலை பார்த்தார். தம் கவிகளை அச்சிடும் ஆசையோடு லண்டன் மாநகரம் சென்று, ஏமாற்றமடைந்து திரும்பினார். பெற்றோரும் இல்லை, தொழிலும் இல்லை, புகழும் இல்லை என்னும் நிலையில் 1792-ம் ஆண்டில் ஷெப்பீல்ட் நகரம் வந்து சேர்ந்தார்.

ஷெப்பீல்ட் நகரம் கத்தி முதலிய எஃகுப் பொருள்களுக்குப் பேர்பெற்றது. அங்கே ஜோசப் கேல்ஸ் என்பவர் புத்தகக் கடையும் அச்சுக்கூடமும் வைத்து, ஷெப்பீல்ட் ரெஜிஸ்டர் என்னும் வாரப் பத்திரிகையையும் நடத்தி வந்தார். பாராளுமன்றச் சீர்திருத்தம் வேண்டும் என்றும், எளியோர்க்கும் நீதி வேண்டும் என்றும் அஞ்சாது எழுதியவர் அவர். அவரிடம் மாண்ட்கமரி எழுத்துவேலைக்கு அமர்ந்தார். எசமானன், ஊழியன் என்னும் வேறுபாடு விரைவில் மறைந்து, நட்பு மலர்ந்தது. அக்குடும்பமே வீடிழந்த அவ்விளைஞருக்கு வீடாயிற்று.

அந்நட்பும் நீடிக்கவில்லை. பிரெஞ்சுப் புரட்சிக்குப்பின் சீர்திருத்தம் பேசுவோரையெல்லாம் இங்கிலாந்தின் அரசாங்கத்தார் ஐயுற்றனர். 1794-ம் ஆண்டில் கேல்ஸ் தம்மைச் சிறைப்பிடிக்க முயல்வதை அறிந்து நாட்டைவிட்டு ஓடினார். ஜெர்மனி வழியாக அமெரிக்கா சேர்ந்து, பின்னர் வடகரோலினா மாகாணத்தில் ராலி நகரத்திற் குடியேறிப் பத்திரிகை நடத்தினார். ஷெப்பீல்டில் அவர் விட்டுச்சென்றவை யாவை? ஓர் அச்சுக்கூடம், நின்றுபோன ஒரு பத்திரிகை, ஆதரவற்ற சகோதரிமார். மாண்ட்கமரிக்கு அப்பொழுது வயது இருபத்திரண்டு. அவர் அப்பத்திரிகைக்கு ஐரிஸ் என்று புதுப்பெயரிட்டு, பிறர் பொருளுதவியால் உடனே தொடர்ந்து நடத்தினார். கேல்சின் சகோதரிமார் புத்தகக் கடை வைத்துப் பிழைக்க, அவர்கள் இல்லத்திலேயே தாமும் ஒருவராக வாழ்ந்து, அவர்களுக்கு உடன்பிறந்தானைப்போல் துணைநின்றார். பாரி மறைந்தபின் அவன் மகளிரைத் தம் பொறுப்பில் ஏற்ற கபிலரை இவ்விடத்தில் நாம் நினையாதிருத்தல் இயலுமோ? மாண்ட்கமரி விவாகம் செய்துகொள்ளவில்லை. தம் ஆயுட்காலமெல்லாம் அக்குடும்பத்தோடே வாழ்ந்தார்.

நண்பனுடைய பணியை ஏற்றவர் அவனுக்குரிய துன்பத்தையும் ஏற்க நேர்ந்தது. கேல்ஸ் காலத்திலேயே அவ்வச்சுக்கூடத்தில் அச்சாகியிருந்த ஒரு பாட்டைத் தெருவிற் பாட்டு விற்போன் ஒருவன் கேட்க, அவனுக்காகச் சில பிரதிகள் மீண்டும் அச்சிடப்பட்டன. பாஸ்டீல் சிறைக்கோட்டையின் வீழ்ச்சியைப் பாராட்டிய அப்பாட்டு இராசத்துரோகமானது என்று வழக்குத் தொடரப்பட்டது. 1795-ம் ஆண்டில் மாண்ட்கமரி 20 பவுன் அபராதமும் மூன்று மாதச் சிறைவாசமும் பெற்று, யார்க் கோட்டையில் அடைக்கப்பட்டார். அவ்வாண்டிலேயே ஷெப்பீல்டில் நேர்ந்த ஒரு கலகத்தில் படையினர் சுட்டதனால் இருவர் மாண்டனர். அச்செய்தியை அவர் வெளியிட்ட விதம் படைத்தலைவருக்கு அவதூறு என்று கருதப்பட்டு, 1796-ம் ஆண்டில் 30 பவுன் அபராதமும் ஆறு மாதச் சிறைவாசமும் விதிக்கப்பட்டன. சிறையில் அவர் எழுதிய கவிகள் 1797-ம் ஆண்டில் நூலாக வெளிவந்தன. பத்திரிகையோ நிற்கவில்லை, 1825-ம் ஆண்டு வரை, முப்பத்தோராண்டு, அவர் அதனை விடாது நடத்தினார்.

நிற்க. அவருடைய உள்ளத்தின் நிலை யாது? இளமையிற் கற்ற விசுவாசம் அவரை விட்டு வெகுதூரம் அகன்றிருந்தது. பல ஆண்டு அவர் ஐயத்திலும் மனச்சோர்விலும் உழன்றார். பரலோகத்தைப்பற்றி எளிதாகப் பேசும் கூட்டத்தாருள் அவர் ஒருவரல்லர். கொடுத்துவைத்த பொருளைத் தொலைத்துவிட்டுத் தெருத்தெருவாய்த் தேடுவானைப்போல் அவர் தம் பெற்றோரின் விசுவாசத்தைத் தேடினார் எனலாம். தேடிய பயனாக, 1814-ம் ஆண்டில், தம் நாற்பத்துமூன்றாம் வயதில், தாம் பிறந்த மொரேவியச் சபையில் மீண்டும் அங்கத்தினராகச் சேர்ந்தார். இந்நிகழ்ச்சியை நாம் மறத்தலாகாது. பின்னர் அவர் பாடிய கீதங்களிற் காணும் நம்பிக்கை, ஒருமுறை இழந்து வருந்தித் திரும்பப் பெற்ற நம்பிக்கை; ஆதலின் அது துக்கமுற்றோர் செவிக்குப் பொய்யாய் ஒலிப்பதில்லை.

இதற்கிடையில் புலவர் என்னும் பெயரும் அவருக்கு வந்தெய்தியது. 1806-ம் ஆண்டில், பிரெஞ்சுப் படையால் நாடிழந்த சுவிட்சர்லாந்து மக்களைப்பற்றி அவர் பாடிய காவியம் வெளிவந்தது. எடின்பரோ நகரத்துத் திறனாய்வுப் பத்திரிகை அதனைக் கடுமையாகத் தாக்கியும், மக்கள் விரும்பி வாங்கினமையால் அது பல பதிப்புகள் கண்டது. 1807-ம் ஆண்டில் பிரிட்டிஷ் இராச்சியத்தில் அடிமை வியாபாரம் தடைசெய்யப்பட்டபோது, அதனைக் கொண்டாடி மேற்கிந்தியத் தீவுகள் என்னும் நூலை அவர் இயற்றினார். அது 1809-ம் ஆண்டில் வெளிவந்தது. தாய் தந்தையர் எம்மக்களுக்கு ஊழியஞ்செய்யச் சென்று மாண்டனரோ, அம்மக்களின் விடுதலைக்காக மகன் தன் எழுதுகோலை எடுத்தான். 1819-ம் ஆண்டில் தம் சபையாரின் கிரீன்லாந்து ஊழியத்தையும் காவியமாக்கினார். பெற்றோரின் கல்லறைக்கு மலர் கொண்டு செல்ல இயலாத மகன் செய்த நினைவுக்கடன்களாகவே நாம் இவற்றைக் கொள்ளுகின்றோம்.

இனி, நாம் குறித்த கீதத்திற்குக் காரணமான நட்பைக் கூறுவோம். 1817-ம் ஆண்டில் ஷெப்பீல்டிலிருந்த பரிசுத்த பவுலின் ஆலயத்திற்குத் தாமஸ் காட்டெரில் என்பவர் குருவானவராக வந்தார். அவர் இங்கிலாந்துத் திருச்சபையைச் சேர்ந்தவர், மாண்ட்கமரியோ மொரேவியர். சபை வேறாயினும் இருவரையும் ஒரே ஆவல் பிணைத்தது. ஆலய ஆராதனையிற் சபையார் நல்ல கீதங்களைப் பாடவேண்டும் என்பதே அது. அக்காலத்தில் இங்கிலாந்துத் திருச்சபையில் தாவீதின் சங்கீதங்களைச் செய்யுளாக்கிப் பாடுதலே பெருவழக்கு. புதிய கீதங்களைப் பாடுதல் முறையன்று எனப் பலர் எண்ணினர். காட்டெரில் முன்னரே ஒரு கீதத் திரட்டை வெளியிட்டிருந்தார். அதனை விரிவாக்கும் பணியில் மாண்ட்கமரி தோள்கொடுத்தார். கீதங்கள் இயற்றினார், பிறர் கீதங்களைத் திருத்தினார், தம் அச்சுக்கூடத்திலேயே அச்சிட்டும் கொடுத்தார். 1819-ம் ஆண்டில் அதன் எட்டாம் பதிப்பு வெளிவந்தது.

சபையாருட் சிலர் அதனை ஏற்க மறுத்தனர். யார்க் நகரத்துத் திருச்சபை நீதிமன்றத்தில் தம் குருவானவர்மேல் வழக்குத் தொடுத்தனர். கீதம் பாடியதற்காக ஒரு குருவானவர் வழக்காளியாய் நிற்க நேர்ந்தது நமக்கு வியப்பாயிருக்கலாம். யார்க் பேரத்தியட்சர் வெர்னன் ஹார்கோர்ட் இடைநின்று சமாதானம் செய்துவைத்தார். பூசலுக்குக் காரணமான திரட்டு விலக்கப்பட்டது. பேரத்தியட்சரே பார்வையிட்ட சிறிய திரட்டு ஒன்று 1820-ம் ஆண்டில் அதனிடத்தில் வந்தது. தோல்விபோற் காணப்பட்ட இது, உண்மையில் வெற்றியே ஆயிற்று. பேரத்தியட்சரின் இசைவு பெற்ற கீதத்திரட்டு ஒன்று வழங்கத் தொடங்கியபின், இங்கிலாந்துத் திருச்சபையிற் கீதங்களுக்கு அடைத்திருந்த கதவு திறந்துவிட்டது. ஒருங்கே எழுதி, ஒருங்கே திருத்தி, ஒருங்கே பழிச்சொற் கேட்ட இரு நண்பருடைய உள்ளங்களும் எத்துணை நெருங்கியிருந்தன என்று நாம் கூறவும் வேண்டுமோ?

1823-ம் ஆண்டு டிசம்பர் மாதம் 29-ம் நாள் காட்டெரில் இறந்தார். அவருக்கு வயது நாற்பத்து நான்கே. கிறிஸ்து பிறந்த திருநாளின் மகிழ்ச்சி அடங்குமுன், மாண்ட்கமரியின் இல்லத்தைத் துக்கம் சூழ்ந்தது. அவருக்கோ அப்போது ஐம்பத்திரண்டு வயது. தாய், தந்தை, கடல்கடந்து சென்ற கேல்ஸ், இப்பொழுது தம்மினும் இளையரான காட்டெரில் என ஒருவர்பின் ஒருவராகப் பிரிந்தவரை எண்ணிய அவர் உள்ளத்தினின்று 1824-ம் ஆண்டில் ஒரு கீதம் பிறந்தது. நண்பர் என்பதே அதன் தலைப்பு. நான்கே செய்யுட்கள், செய்யுளுக்கு ஆறே அடிகள். அது 1827-ம் ஆண்டில் அவருடைய கவிநூல் ஒன்றில் வெளியாயிற்று.

அக்கீதத்தின் பொருளை நம் வாய்மொழியாற் சிறிது விளக்குவோம். முதற்கண் புலவர் துக்கத்தை மறைக்கவில்லை. நட்பினர் நீங்கிக்கொண்டேயிருப்பர் என்பதையும், இழப்பை அறியாத உள்ளம் இல்லை என்பதையும் ஒத்துக்கொள்ளுகிறார். இம்மையே முடிவாயின், வாழ்வோரும் பேறுபெற்றவரல்லர், மாள்வோரும் பேறுபெற்றவரல்லர் என்று துணிந்து கூறுகிறார். ஐயத்தில் உழன்ற காலத்து அவர் கண்ட இருளே இங்குப் பேசுகிறது போலும். பின்னர், காலத்தையும் மரணத்தையும் கடந்த ஒரு நாடு உண்டு என்றும், அங்கே அன்பு ஒருநொடி பறந்து அணையும் தீப்பொறியன்று என்றும், பிரிவு என்னும் சொல்லே அங்கு வழங்காது என்றும் காட்டுகிறார். இறுதிச் செய்யுளில் ஓர் உவமை. வைகறைப்பொழுதில் வானத்தை நோக்குவோர், விண்மீன்கள் ஒவ்வொன்றாய் மறைதலைக் காண்பர். அவை இருளில் விழுந்து அழிந்தனவா? இல்லை, பகலின் பேரொளி பெருகப்பெருக, அவ்வொளிக்குள்ளே அவை அடங்கி நிற்கின்றன. மாண்ட நல்லோரும் அங்ஙனமே என்கிறார் புலவர்.

இவ்வுவமையின் நயத்தை நாம் எண்ணுந்தோறும் வியக்கின்றோம். மரணத்தை அந்திப்பொழுதாகவும், வருவதை இரவாகவும் கூறுதல் உலக வழக்கு. மாண்ட்கமரி அதனைத் தலைகீழாக்கினார். அவருக்கு மரணம் வைகறை; அதன்பின் வருவது பகல். இருள் சூழ்ந்திருப்பது மாண்டாரிடத்தன்று. விண்மீன் மறைந்ததென்று இப்பால் நின்று வருந்தும் நம்மிடத்தே. மேலும், மறைந்த விண்மீன் வானத்தில் தன் இடத்தை விட்டு நீங்கவில்லை. காணும் கண் இப்போது போதாது, அவ்வளவே. ஆகவே மீண்டும் காண்போம் என்னும் நம்பிக்கைக்கு அவர் காட்டும் ஆதாரம் இறந்தோருடைய நிலைபேறேயாம்.

நம்பிக்கை இத்தகையதாயின், அது மனிதனைச் சோம்பியிருக்கச் செய்யுமோ என்று சிலர் ஐயுறலாம். மறுமையை நோக்குவோர் இம்மையை மறப்பர் என்பது அடிக்கடி கேட்கும் குற்றச்சாட்டு. மாண்ட்கமரி என்ன செய்தார் என்பதைப் பார்ப்போம். நண்பரை இழந்து கீதம் பாடிய அதே 1824-ம் ஆண்டில், புகைபோக்கிகளுக்குள் ஏறித் துடைக்கும் கொடிய தொழிலுக்கு உட்படுத்தப்பட்ட சிறுவருக்காகப் பரிந்து, பல புலவரிடமும் எழுத்துக்களை வேண்டிப் பெற்று ஒரு நூலை வெளியிட்டார். சார்ல்ஸ் லாம் என்னும் எழுத்தாளர் வில்லியம் பிளேக்கின் கவி ஒன்றை அதற்கு அனுப்பிவைத்தார். அடுத்த ஆண்டிலோ, காட்டெரிலோடு தொடங்கிய பணியைத் தனியே முற்றுவித்தார். 1825-ம் ஆண்டில் அவர் வெளியிட்ட கிறிஸ்தவ சங்கீதக்காரன் என்னும் பெருந்திரட்டில் 562 கீதங்கள் அடங்கின. அவற்றுள் 103 அவர் இயற்றியவை. கீதம் எவ்வாறு இருத்தல் வேண்டும் என்று அதன் முன்னுரையில் அவர் செய்த ஆராய்ச்சியை, கீதக்கலையின் வரலாறு எழுதுவோர் இன்றும் பாராட்டுவர். கேல்ஸ் மறைந்தபோது பத்திரிகை நின்றுவிடாததைப்போலவே, காட்டெரில் மறைந்தபோது கீதத்திரட்டும் நின்றுவிடவில்லை.

அவ்வாண்டிலேயே அவர் பத்திரிகைத் தொழிலினின்று ஓய்வு பெற்றார். ஒருகாலத்தில் இருமுறை சிறையிட்ட அரசாங்கமே 1835-ம் ஆண்டில், பிரதம மந்திரி பீல் என்பவர் வாயிலாக, ஆண்டுக்கு 150 பவுன் உபகாரச் சம்பளம் அளித்தது. கர்த்தரோடு என்றும் வாழ்தலைப்பற்றிய அவருடைய மற்றொரு பெயர்பெற்ற கீதமும் அவ்வாண்டில் வெளிவந்தது. அவர் பாடிய கீதங்கள் ஏறக்குறைய 400. 1816-ம் ஆண்டு கிறிஸ்து பிறந்த திருநாளுக்கு முந்திய நாளில் ஐரிஸ் பத்திரிகையில் வெளியிட்ட தேவதூதர் கீதமும், 1818-ம் ஆண்டில் ஜெபத்தைப்பற்றிப் பாடிய கீதமும் இன்றும் ஆலயங்களில் ஒலிக்கின்றன. கடல்கடந்து சென்ற கேல்ஸ் 1841-ம் ஆண்டில் அமெரிக்காவிலேயே காலஞ்சென்றார். மாண்ட்கமரியின் வானத்தில் இன்னுமொரு விண்மீன் மறைந்தது.

1854-ம் ஆண்டு ஏப்ரல் மாதம் 30-ம் நாள், தம் எண்பத்திரண்டாம் வயதில், உறக்கத்திலேயே அவர் உயிர் நீங்கியது. முன்னொருகால் குற்றவாளியென்று அவரை அனுப்பிவைத்த அந்நகரம், பொதுமுறையில் பெருஞ்சிறப்போடு அவரை அடக்கம் செய்தது. 1861-ம் ஆண்டில் அவர் கல்லறைமீது உருவச்சிலை நாட்டப்பட்டது. 1971-ம் ஆண்டில் அச்சிலை ஷெப்பீல்ட் பேராலயத்தின் அருகே கொண்டுவந்து நிறுத்தப்பட்டது.

அன்பர்களே! கல்லூரி என்பது நட்புக்கு விளைநிலம். அதுவே பிரிவுக்கும் வாயில். ஆண்டுதோறும் சிலர் நம் வகுப்புகளினின்று விடைபெற்றுச் செல்லுகின்றனர். பழைய மாணவருட் சிலர் இவ்வுலகினின்றே விடைபெற்றுச் செல்லுகின்றனர். அவர்களுக்காகக் கண்ணீர் விடுதல் இயற்கை, மாண்ட்கமரியும் விட்டார். ஆயின் கண்ணீரோடு நின்றுவிடுதல் நட்பாகாது. நம் நண்பன் பாதியில் விட்டுச்சென்ற நல்ல வேலை யாது, அவனை நம்பியிருந்தோர் யாவர் என்று வினவி, அவ்வேலையையும் அவர்களையும் நம்முடையனவாக ஏற்றுக்கொள்ளுதலே நட்பின் கடன். மீண்டும் சந்திக்கும் நாளில், விட்டுச்சென்ற பணி என்னவாயிற்று என்று அவன் கேட்பின், நாணாமல் விடைகூறும் தகுதியோடு நாம் நிற்போமாக.